மவுசருக்கு ஒரு சந்தனப் பொட்டு

1905. இரும்பில் பொறித்த அந்த நான்கு இலக்கங்களுக்காக, நாற்பத்தாறு வயது இந்திரகுமார் அந்த இலையுதிர்காலம் முழுவதும் கால் தரையில் பாவாமல் திரிந்தார்.

நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்த ஆண்டு அது. நூறாண்டு நிறைவென்று 2005 முழுக்க ஒஸ்லோவில் கொடியும் கேக்குமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, புறநகரான ஹொல்ம்லியாவில் ஒரு மூதாட்டி தன் காலஞ்சென்ற கணவரின் பழைய இராணுவத் துப்பாக்கியை விற்கப்போவதாகச் அவர் போகும் துப்பாக்கி சுடும் கழகத்தில் பேச்சு அடிபட்டது. கிராக்-யோர்கன்சன் வகை. இந்திரகுமார் வேலை முடிந்த கையோடு போய்ப் பார்த்தார். இரும்பின் பக்கவாட்டில் 1905 என்று இருந்தது. ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டை ஒற்றை விரலால் இழுத்தார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வலப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து ஐந்து ரவைகளையும் கடலை கொட்டுவதுபோல உள்ளே கொட்டலாம். திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். மூதாட்டி கோப்பி போட்டு வந்தபோதும் அவர் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிரே இருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒஸ்லோ ரயிலில் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பவன் குடித்திருக்க வேண்டும். அந்தப் பெண் வேறு இருக்கைக்கு மாறிப் போனாள்.

மூதாட்டி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சேகரிப்பாளர் என்று பொலிஸ் அனுமதி பெற்றவருக்குத்தான் கொடுப்பார். சனிக்கிழமை மதியம் வரை காத்திருப்பார். அதற்குமேல் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். அனுமதிக்கு விண்ணப்பம் போயாயிற்று. பொலிஸ் வீட்டுக்கு வந்து ஆயுதப் பெட்டகத்தைப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

இந்திரகுமார் ஒஸ்லோவின் குரோருட்டில் குடியிருக்கும் சுரங்க ரயில் சாரதி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கூட வேலை செய்த ஒரு நோர்வேஜியர் ஒருநாள் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனதில் பிடித்த பைத்தியம் இது. ஏற்கனவே வீட்டில் ஒரு மவுசர் துப்பாக்கி இருந்தது. உலகப்போர் முடிவில் ஜெர்மன்காரர் விட்டுப் போனதை நோர்வே இராணுவம் பல காலம் பாவித்து, பிறகு கழித்து விற்றது.

அதை வாங்கி வந்த அன்று மனைவி சிவகாமி வாசலிலேயே மறித்தார். "ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடிவந்துபோட்டு, இஞ்சை காசு குடுத்து வாங்கிறியளோ?"

"அங்கை நான் துவக்கின்ரை முன்பக்கத்தைத்தான் பார்த்தனான்" என்றார் இந்திரகுமார். "பின்பக்கம் எப்பிடியிருக்கும் எண்டு இஞ்சைதான் தெரிஞ்சது."

சிவகாமியைச் சமாதானப்படுத்தியது அந்தப் பதில் அல்ல, பெட்டகம். தமிழர் வீடுகளில் நகை களவு போவதாகக் கதை பரவியிருந்த காலம். சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டகத்தின் மேல்தட்டைச் சிவகாமி அன்றே பிடித்துக்கொண்டார். ஆனால் பூட்டின் திறப்பு ஆயுதக்காரரிடம் மட்டுமே இருக்கவேண்டும் என்பது சட்டம். எனவே கலியாண வீடு வரும்போதெல்லாம் தன் சங்கிலிக்குத் தானே கணவரிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இந்திரகுமார் அந்த நாட்களில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

இனி நடந்ததற்கெல்லாம் காரணம் அவரேதான். ஆயுத பூசை என்று பெயரை வைத்துக்கொண்டு வருடா வருடம் கரண்டியையும் கல்குலேட்டரையும் வைக்கிறோமே, வீட்டில் அசல் ஆயுதம் ஒன்று இருக்கும்போது அது என்ன பாவம் செய்தது என்று செப்டெம்பரிலேயே தொடங்கிவிட்டார். சிவகாமி முதலில் மாட்டேன் என்றார். பிறகு சம்மதித்தார், ஆனால் தன் முறைப்படி. பூசையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. இந்திரகுமார் தலையாட்டினார்.

பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தபோது அவர் கடைசித் தரிப்பிடத்தில் நின்றார். ஹில்டே என்ற அதிகாரி, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரலாமா என்று கேட்டார். இந்திரகுமார் சந்தோஷத்தில் ஒன்றுக்கு மூன்று தரம் சம்மதம் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை என்ன நாள் எண்டு தெரியுமோ?" என்று வீட்டில் சிவகாமி கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை."

"சரஸ்வதி பூசை."

அதனால் என்ன, பொலிஸ் ஐந்துக்கு வந்து போகட்டும், பூசையை ஏழுக்கு வைப்போம் என்று இந்திரகுமார் ஒரு சாரதிக்குரிய நம்பிக்கையோடு நேரசூசி போட்டார். செவ்வாய் வந்தது. ஐந்து மணி ஆயிற்று, ஆறும் ஆயிற்று. ஆறரைக்கு, இனி இன்றைக்கு வரமாட்டா என்று சிவகாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வரவேற்பறையில் புத்தகத் தட்டின் நீளப் பலகை ஒன்றைக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பலகையில் சிவகாமியின் அகப்பை, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆரபியின் கணக்குப் புத்தகம், இந்திரகுமாரின் சாரதித் தொப்பி. பக்கத்தில் இன்னொரு தொப்பி, சூசைரட்ணத்தினுடையது. அவரும் ரயில் சாரதி, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். ஆனாலும் ரயில் பழுதுபடாமல் ஓடினால் யாருக்கு நட்டம் என்று தொப்பியோடும் பசியோடும் வந்து குந்தியிருந்தார். நடுவில், சுட முடியாதபடி போல்ட் கழற்றிய மவுசர். துப்பாக்கிக் கட்டையின் பழைய மரத்தில் சந்தனக் கறை பிடிக்கும் என்று இந்திரகுமார் பொட்டு வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டப் பார்த்தார். சாமி காரியத்துக்கு மழைக்கோட்டுப் போடுவீர்களோ என்று சிவகாமி கேட்டதும் கையை எடுத்துவிட்டார். மவுசரின் கட்டையில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், குழலில் ஒரு செவ்வந்தி மாலை. புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது.

கற்பூரம் கொளுத்திய நேரம் வாசல் மணி அடித்தது.

ஆரபி ஓடிப்போய்ப் பார்த்தாள். "அப்பா, பொலிற்றி வந்திட்டா." பொலிஸுக்கு அவள் வாயில் நோர்வேஜியச் சொல்தான் வரும்.

ஹில்டே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபடி உள்ளே வந்தார். பொட்டு வைத்த மவுசரைப் பார்த்தார். சிவகாமியைப் பார்த்தார். மறுபடி மவுசரைப் பார்த்தார். வேலைக்கு உதவும் சாமான்களுக்கு வருடத்தில் ஒருநாள் நன்றி சொல்லி ஓய்வு கொடுக்கிறோம் என்று ஆரபி ஒரே மூச்சில் நோர்வேஜிய மொழியில் விளக்கினாள். போல்ட் எங்கே என்று ஹில்டே கேட்க, இந்திரகுமார் பெட்டகத்தைத் திறந்து காட்டினார். ஹில்டே டோர்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார், எல்லாம் சரி. வரவேற்பறைக்குத் திரும்பியபோது சிவகாமி, இவவின் வேலைச் சாமான் ஏதும் வைக்க இருக்கிறதோ என்று ஆரபியைக் கேட்கச் சொன்னார். ஹில்டே ஒரு கணம் யோசித்து, டோர்ச்சை அகப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். சிவகாமி அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

பிறகுதான் ஹில்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். "இரவு முழுவதும் துப்பாக்கி இங்கேயா இருக்கும்?"

துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். ஆம் என்றால் அனுமதி கிடைக்காது, கிராக் துரொண்ட்ஹெய்முக்குப் போய்விடும். இல்லை என்றால், சிவகாமிக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். இந்திரகுமார் மனைவியைப் பார்த்தார். சிவகாமி கற்பூரத் தட்டோடு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"துவக்கைத் தொடக்கூடாது எண்டுதானே சொன்னனான்" என்றார் சிவகாமி கடைசியில். "சாமி வீதி சுத்தலாம். பலகையோடை தூக்குங்கோ."

முன்பக்கம் இந்திரகுமார், பின்பக்கம் சூசைரட்ணம். ஆரபி மணி அடித்தாள். சிவகாமி தட்டோடு முன்னே நடந்தார். பெட்டகம் இருந்த படுக்கையறைக்கு நேரே போனால் வீதி சுற்றியதாகாது என்பதால், சுவாமி வலமாகச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, குசினி வாசலில் ஒருதரம் நின்று, ஒழுங்கை மாதிரி ஒடுங்கிய நடையால் ஊர்வலம் அந்த அறைப்பக்கம் திரும்பியது. ஹில்டே காலுறையோடு முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்து பிடித்தார். புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. கோயில் மேளம் இல்லாத குறையை அது தீர்த்துவைத்தது.

பெட்டகத்துக்கு முன்னால் ஊர்வலம் நின்றுவிட்டது. பலகை நீளம், பெட்டகம் ஒடுக்கம். நிமிர்த்தினால் எல்லாம் கொட்டுண்டுபோகும்.

"நீ விடு மச்சான்" என்றார் சூசைரட்ணம். "பாசையூர்த் திருவிழாவிலை மாதாவின்ரை சொரூபக் கூடு தூக்கினவன் நான். மழைக்குள்ளை, சேத்துக்குள்ளை, ஒரு மெழுகுதிரி அணையேல்லை."

அவர் இந்திரகுமாரின் சால்வையை உருவி, மவுசர், தொப்பிகள், அகப்பை, டோர்ச் எல்லாவற்றையும் கை படாமல் பலகையோடு இறுக்கிக் கட்டினார். மெதுமெதுவாக நிமிர்த்தினார்கள். மாலை ஒருபக்கம் சரிந்தது, பொட்டு அழியவில்லை. பலகை பெட்டகத்துக்குள் எழுந்து நின்றது. சரஸ்வதி படத்தை மேல்தட்டில், நகைக்குப் பக்கத்தில் வைத்தார் சிவகாமி. இந்திரகுமார் பூட்டினார். ஹில்டே கைப்பிடியை இரண்டுதரம் இழுத்துப் பார்த்து, தனக்கு வேண்டியது இவ்வளவுதான் என்றார்.

வாசலில் சப்பாத்துப் போடும்போதுதான் அவருக்கு டோர்ச் ஞாபகம் வந்தது.

"விடிய வரச் சொல்லு" என்றார் சிவகாமி மகளிடம். "அப்ப பெட்டகத்தைத் திறந்து எடுத்துத் தாறம்."

புதன்கிழமை காலை ஹில்டே வந்து, பொங்கல் சாப்பிட்டு, பொட்டு வைத்த டோர்ச்சை வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அனுமதி வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்திரகுமார், துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டுவர வீட்டிலிருந்த தடித்த போர்வை ஒன்றை அக்குளில் இடுக்கியபடி ஹொல்ம்லியா ரயிலில் ஏறினார்.