தலவிலவிலிருந்து புறப்படும் சிவப்புக் கோடுகள்

காலையில் புத்தளம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா, "எந்த ஊர் தங்கச்சி?" என்று கேட்டார்.

"தலவில."

உடனே எழும்பிப் போய் வேறு சீட்டில் இருந்துகொண்டார்.

"ஏன் அக்கா எழும்பினீங்க?"

போனைத் தூக்கிக் காட்டினார். கொழும்பில் யாரோ கணினியில் போட்ட வரைபடம். சனங்களின் போன் போன வழியை வைத்து, இப்போது நாடெங்கும் தொற்றும் காய்ச்சல் பரவும் வழியைக் கணித்திருக்கிறார்களாம். எங்கள் ஊரிலிருந்து நாடெங்கும் சிவப்புக் கோடுகள்.

"பாருங்க, உங்கட ஊராக்கள்தானே எல்லா இடமும் பரப்புறீங்க!"

கீழே சின்ன எழுத்தில் திகதி இருந்தது. எங்கள் ஊர்த் தேவாலயத் திருவிழா முடிந்து, வெளியூர்ச் சனமெல்லாம் வீடு திரும்பிய வாரம்.

"நீங்க எந்த ஊர் அக்கா?"

"நீர்கொழும்பு."

"இந்த முறை திருவிழாவுக்கு வந்தீங்களா?"

"ஓம், மூணு நாள் நிண்டோம். வருஷாவருஷம் வாறதானே."

"அப்ப நீர்கொழும்புக்குப் போற இந்தக் கோடு நீங்கதான். நாங்க ஊரிலதான் இருந்தோம்."

அவர் போனைக் கைப்பைக்குள் வைத்தார்.

அதே வரைபடத்தை முகநூலில் பகிர்ந்து "கவனம் மக்களே" என்று எழுதிய நண்பர்களே, திருவிழாவுக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் கிணற்றில் குளித்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். உங்கள் கோடு எது என்று கீழே எழுதுங்கள், பார்ப்போம்.