பதினோராவது கொடி

கத்தரி வாத்தியார் முப்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். அவர் கை நாற்காலிப் பக்கம் வந்தாலே முடி தானாக விலகி வழிவிடும் என்பார்கள். ஒருமுறை ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் தும்ம, தும்மலே இரண்டாக வெட்டுப்பட்டு, பாதிதான் வெளியே வந்ததாம். மிச்சப் பாதி அடுத்த வாரம் வேறெங்கோ வைத்து வந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சாலையை அகலப்படுத்தக் கடையை இடித்தார்கள். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. ஒயின் பயிற்சிப் பள்ளியில் ஆறு வாரம் திராட்சைக் கவாத்து, அதாவது கொடியை வெட்டி ஒழுங்குபடுத்தும் வித்தை, படித்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் பெஞ்சு. போன வருடத்துக் குச்சியில் துளிர்விடும் கணுவான கண் இரண்டை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். கசியும் நீர் கண்ணில் விழாதபடி வெட்டுவாய் எதிர்ப்பக்கம் சரிய வேண்டும். தாராளமாக விட்டால் குலை பெருகும், ஒயின் தண்ணீராகும். இதெல்லாம் அவர் கைக்குப் புதிதாகவே தெரியவில்லை. மறு வருடம் பள்ளியே அவரை வாத்தியாராக்கியது.

மாணவர்கள் பதினான்கு பேர், எல்லோரும் சொந்தமாகச் சின்னத் தோட்டம் வைத்திருந்தவர்கள். வாரம் ஒரு தோட்டத்தில் வகுப்பு. முதலில் வாத்தியார் தன் கத்தரியால் ஒரு வரிசையை முழுதாக வெட்டிக் காட்டுவார். பிறகு அவரவர் கத்தரியால் மற்றவர்கள் வெட்டுவார்கள். குளிர்காலம் முடிவதற்குள் பதினான்கு பேர் வெட்டும் அவர் வெட்டைப் போலவே ஆகிவிட்டது.

"வெட்டு ஒண்ணுதான்பா, கைதான் பதினஞ்சு" என்று பெருமையடித்துக்கொள்வார்.

பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் புரட்டிவிட்டுப் போனார். மாணவர்களில் ஒருத்தியான தபால்காரம்மா விடவில்லை.

"சார், ஒவ்வொரு கொடிக்கும் நடுவுல கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும்னு புஸ்தகத்துல இருக்கே?"

சலூனில் துடைக்காத கத்தியை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் சொன்னார்: "அது மனுஷத் தலைக்கும்மா. கொடிக்கு என்ன, பேன் இருக்கா, பொடுகு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். தபால்காரம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

வெயில் ஏறியது. முதல் வகுப்பு நடந்தது மாணவன் ஒருவனான பெயின்டருடைய தோட்டத்தில்; அங்கே எல்லாக் கொடியும் துளிர்த்தது, வாத்தியார் வெட்டிய வரிசையைத் தவிர. பனி என்றார். இரண்டாவதாக நர்ஸ் தோட்டம், அங்கேயும் ஒரே ஒரு வரிசை. தண்ணீர் தேங்கியிருக்கும் என்றார்.

"வாத்தியாரே, நீங்க தொட்ட வரிசை மட்டும் மொட்டையா நிக்குது. பழைய தொழிலை விட மனசு வரலையோ?" என்றான் பெயின்டர்.

வாத்தியார் சிரித்தார். அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியோடு மூடிவைத்தார்.

கடைசி வகுப்பு அவருடைய தங்கையின் சரிவில். அங்கே உறைபனி லேசில் போகாது, அதனால் கவாத்தும் கடைசியில்தான். ஏழு வரிசை, நாற்பது வயதுக் கொடிகள். புருஷன் போன பிறகு அந்தப் பழத்தை அவளே மிதித்து, அவளே புளிக்கவைத்து, அந்த ஒயினில்தான் வீடு ஓடியது. வேறு வழி கிடையாது.

"ஊர்க் கொடியெல்லாம் வெட்டிட்டு எனக்கு மழுங்கின கத்தரியோட வரப்போறியாண்ணா?" என்று பல நாளாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் குத்தலுக்காகவே அன்று ஒரு மணி நேரம் முன்னால் வந்தார். பாசத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக, இருப்பதிலேயே நல்ல கொடிகளாகப் பார்த்துப் பதினொன்றை வெட்டிவைத்தார். யாரும் பார்க்கவில்லை. நீர் ஏறும் பருவம் என்பதால் ஒவ்வொரு வெட்டுவாயும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. பிறகு மாணவர்கள் வந்தார்கள். கடைசி வகுப்பு என்பதால் வரிசை வெட்டிக் காட்டாமல் மிச்சத்தை அவர்களிடமே விட்டார். வெட்டியிருந்த கொடியைப் பார்த்தவன் பக்கத்து ஆள் வெட்டியது என்று நினைத்து அடுத்ததற்குப் போனான். மதியத்துக்குள் ஏழு வரிசையும் முடிந்தது.

அப்போதுதான் தபால்காரம்மா வேலை முடித்து வந்தாள். பையிலிருந்து மூன்று கட்டுக் குச்சிகளை எடுத்து வைத்தாள்.

"இது பெயின்டர் தோட்டம், இது நர்ஸ் தோட்டம், இது எங்க வீடு. எல்லாம் நீங்க வெட்டின வரிசைதான். பொளந்து பாருங்க சார்."

வாத்தியார் பிளந்தார். அவருடைய வெட்டுவாயிலிருந்து உள்ளே கீழ்நோக்கி ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

"நாங்க வெட்டினதெல்லாம் உள்ள பச்சையா இருக்கு. பள்ளிக்கூடத்துல காட்டிட்டேன். கத்தரி வழியா பரவுற நோயாம். அந்தக் கொடியை உடனே அறுத்து எரிக்கணுமாம். ஒரு மழை பெஞ்சா பக்கத்துக்குத் தாவிடுமாம்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

தங்கை அண்ணனுடைய கையைப் பார்த்தாள். "இன்னிக்கு இங்க அந்தக் கத்தரியால எதையாவது தொட்டியாண்ணா?"

'இல்லம்மா' என்ற சொல் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"பதினொண்ணு" என்றார்.

அவள் கொட்டகைக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்தாள். "காட்டு."

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒன்று, கல் சுவர் பக்கம் இரண்டு, கோணிய கம்பத்தருகே ஒன்று. அவர் காட்டக் காட்ட அறுத்தார்கள், இழுத்துப் போய்க் குவித்தார்கள். பத்து ஆயிற்று.

"பதினொண்ணாவது?"

வாத்தியார் நாலாவது வரிசையில் மண்டியிட்டார். இரண்டு கண், எதிர்ப்பக்கச் சரிவு, கசியும் நீர். அடுத்த கொடியிலும் அதேதான். ஐந்தாவது வரிசையிலும் அதேதான். எந்த வரிசை என்பதே அவருக்குக் குழம்பிப்போயிற்று.

"இது யார் வெட்டினது?"

பெயின்டர் குனிந்து பார்த்தான். "நானாத்தான் இருக்கணும். இல்ல, நர்ஸம்மாவோ. தெரியலை வாத்தியாரே. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே அச்சு அசலா வெட்டினேன்."

மற்றவர்களும் பார்த்தார்கள். தன் வெட்டு எது, வாத்தியார் வெட்டு எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "இன்னிக்கு வெட்டினது சார், பொளந்தாலும் கறுப்புக் கோடு தெரிய நாளாகும்" என்றாள் தபால்காரம்மா.

காற்று ஈரமாக வீசத் தொடங்கியது. தங்கை முதல் வரிசையின் முதல் கொடியருகே போய் உட்கார்ந்து, ரம்பத்தை அடிமரத்தில் வைத்தாள்.

"இதாண்ணா?"

அவர் அந்த வெட்டுவாயை வெகு நேரம் பார்த்தார்.

"இருக்கலாம்மா."

அவள் அறுத்தாள். எழுந்து, புடவையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.

"இதா?"