படகுப் பாய் தைத்த என் அக்கா

என் அக்காவுக்கு நான் அறுபதாயிரம் தர வேண்டியிருந்தது. இரண்டாவது தையல் மெஷின் வாங்க அவள் சேர்த்து வைத்திருந்த காசு அது. அதை வாங்கித்தான் படகுத்துறையில் டீசல் இன்ஜின் பட்டறை போட்டேன். இன்றைக்கு என் பட்டறை எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி காட்டுவார்கள். அன்றைக்கு நாலு ஸ்பேனரும் என் வாயும்தான் முதல்.

அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். நடுநடுவே நானும் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் பாய்மரப் படகுகளுக்குப் பாய் தைப்பவள். படிப்பில் என்னைவிட ஒரு வகுப்பு குறைவு, நாக்கில் இரண்டு முழம் அதிகம். கொட்டகைத் தரையில் குழி வெட்டி, அதற்குள் மெஷினோடு உட்கார்ந்து தைப்பாள். துணியைத் தூக்காமல் தரையோடு இழுத்துக்கொள்ள அதுதான் வசதி. வாசலில் நின்று பார்த்தால் வெள்ளைத் துணிக்கு மேல் தலை மட்டும் தெரியும். அவள் தையலில் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் நுழையும்.

ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"டேய், நல்ல மெஷின் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும்தான் வியாபாரி வெச்சிருப்பான். என் காசை எடு."

"இன்னைக்கே தர்றேன் அக்கா."

"நீ சொல்ற இன்னைக்குக் காலண்டர்ல கட்டமே கிடையாதுடா."

கையில் முக்கால்வாசி சேர்ந்திருந்தது. மீதிக்கு நான் நம்பியிருந்தது பல் டாக்டரின் இன்ஜின் வைத்த பாய்மரப் படகை. அவர் படகு இன்ஜின் கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். சூடு நின்றால் கூலி, நிற்காவிட்டால் சல்லிக்காசு வேண்டாம் என்று நானே பந்தயம் கட்டியிருந்தேன். அப்படிச் சொல்ல இந்தத் துறையில் வேறு எவனுக்குத் தைரியம்?

காசு போகும் இடத்துக்குத் தானும் வருவேன் என்று அக்கா படகில் ஏறிக்கொண்டாள். மேல்தளத்தில் உட்கார்ந்து டாக்டரின் கிழிந்த பாயைத் தைக்க ஆரம்பித்தாள்.

"மெதுவா ஓட்டினா ஒண்ணும் இல்லை. வேகம் கூட்டினாத்தான் சூடு காட்டுற முள் சிவப்புக்கு ஏறுது" என்றார் டாக்டர். இப்படிச் சொல்லும் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்னே வந்தவர்கள் இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரத்தையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றியிருந்தார்கள். வடிகட்டியைக் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்து, சுத்தம் என்று விட்டிருந்தார்கள். நான் ஸ்பேனரைத் தொடவில்லை. படகைக் கயிற்றில் இறுக்கிக் கட்டி, கியர் போட்டு, வேகத்தைக் கூட்டச் சொன்னேன். பின்பக்கம் புகையோடு பீச்சி அடிக்க வேண்டிய கடல்தண்ணீர் ஒப்புக்குத் துப்பியது. வடிகட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸில் கை வைத்தேன். வேகம் ஏற ஏற, காலிப் பாட்டிலை உறிஞ்சும் குழந்தையின் கன்னம் போல அது உள்ளே ஒட்டியது. அப்படியென்றால் பம்ப் நன்றாக இழுக்கிறது, வரத்தான் தண்ணீர் இல்லை. அடைப்பு பம்புக்கு முன்னால் இருக்கிறது.

இன்ஜினை நிறுத்தி, கடல் வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே குப்பை பிடிக்கும் கூடைக்கு வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி ஒரு துணிப்பை. இழை நெருங்கிய பாய்த்துணி. மெதுவான ஓட்டத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கசியவிடும், வேகத்துக்கு விடாது. விளிம்பில் இரட்டைத் தையல். அந்தத் தையலை இருட்டில் தடவினாலும் எனக்குத் தெரியும்.

என் கை தானாக மூடிக்கொண்டது. இது யார் வேலை என்று தெரிந்தால் டாக்டர் கூலி தருவாரா? கூலி இல்லையென்றால் மெஷின் இல்லை.

"கையில என்னடா?" மேலிருந்து அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, குப்பை."

"குப்பையை எவனாவது இப்படி நெஞ்சோட அணைச்சுக்குவானா? காட்டு."

காட்டினேன். வாங்கி ஈரத்தைப் பிழிந்தாள். டாக்டரிடம் நீட்டினாள்.

"ஐயா, இது நான் தைச்சது. உங்க இன்ஜின் மூச்சு முட்டினது என்னாலதான். தம்பி மேல கோவிச்சுக்காதீங்க."

அக்கா ஒரே நொடியில் என் கூலியைக் கடலில் போட்டாள் என்று நினைத்தேன். டாக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜெல்லிமீன் உள்ளே வரக்கூடாதுன்னு நான்தானேம்மா கேட்டேன்?"

"கூடைக்கு உறைன்னுதான் சொன்னீங்க. தண்ணி போற கூடைன்னு சொல்லல. நானும் கேக்கல. அளவு மட்டும் வாங்கிக்கிட்டேன்."

"ஜெல்லிமீன் வரலியே, பாத்தீங்களா" என்றார் டாக்டர்.

"தண்ணியும் வரல" என்றேன் நான். அக்கா என்னை முறைத்தாள்.

பை இல்லாமல் வடிகட்டியை மூடி, வால்வைத் திறந்து, கட்டவிழ்த்து வெளியே போனோம். முழு வேகத்தில் ஒரு நீண்ட சுற்று. பின்பக்கம் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. முள் நடுவில் நின்றது நின்றபடி. ஒரு போல்ட்டுகூட மாற்றவில்லை, கையாலேயே கண்டுபிடித்தேன். இன்னொருவன் செய்திருந்தால் சொல்லுங்கள்.

கரைக்கு வந்ததும் டாக்டர் பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்தார்.

"அந்த உறைக்கு நான் வாங்கின கூலியை அவர்கிட்டத் திருப்பிக் கொடு" என்றாள் அக்கா.

"உனக்குத்தானே அக்கா குறையும்?"

"எனக்கு ஏன் குறையுது? உன் ஜேப்புல இருந்து போடு."

டாக்டர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர் சட்டைப் பையில் வைத்தேன். அக்கா ஊசி தள்ளும் தோல்பட்டையைக் கையிலிருந்து கழற்றிவிட்டு உள்ளங்கையை விரித்தாள்.

"மொத்தமாத் திணிக்காதே. எண்ணிப் போடு."

துறை முழுக்கக் கேட்கிற குரலில், அறுபதாயிரத்தையும் ஒவ்வொரு தாளாக எண்ணிப் போட்டேன்.