திசையன்விளையில் ஒரு 'ரிஸ் கிங்'

ஒரு இங்கிலீஷ் வார்த்தை எத்தனை மாதத்தில் ஊசிப்போகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

திசையன்விளை சந்தையில் நிற்கிறேன். பஸ்ஸில் பக்கத்து ஆளின் மீன்கூடை சரிந்து, சட்டை முழுக்கச் சாளை நாற்றம். இந்தக் கோலத்தில் ஷாலினியைப் பார்க்க முடியாது. அவளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. துணிக்கடை அண்ணாச்சியிடம் என் அளவில் இருப்பது ஒரே ரகம்: நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'ரிஸ் கிங்' என்று போட்ட டீ-சர்ட். ரிஸ் என்றால் பெண்களைக் கவிழ்க்கும் வசீகரம்.

"அண்ணாச்சி, இது பழைய வார்த்தை. இப்ப எவனும் சொல்றதில்ல."

"போன தீவாளிக்குத்தானல மூட்டை எடுத்தேன். அதுக்குள்ள எப்படிப் பழசாவும்?"

"அதுக்கப்புறம் பத்து புது வார்த்தை வந்துருச்சு. இதைப் போட்டா சிரிப்பாங்க."

அண்ணாச்சி மூட்டையைப் பார்க்கிறார். "பிஸ்கட்டுக்காவது தேதி போடுதான். இங்கிலீசுக்கு அதுவுமில்ல."

"வேற சட்டையே இல்லையா?"

"மத்ததெல்லாம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வித்துப்போச்சு. இங்கன எவம்ல எழுத்தைப் படிக்கான்? அந்த மீன் நாத்தம்தான் தெருமுனை வரை அடிக்கி. பைய யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க நேரமில்லை. எங்கள் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் பழைய வார்த்தை போடுகிறவனை ஓட ஓட விரட்டிக் கலாய்ப்பது இரண்டே பேர்: நான், ஷாலினி.

டீ-சர்ட் கச்சிதமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கையைக் கட்டி எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். எதிர்ப்புறம் ஷாலினி. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன்.

அவள் இன்னும் சாலையைக்கூடத் தாண்டவில்லை. குரூப்பில் என் படம் வந்துவிட்டது.