தங்கமான ஓனர்

அந்த வீட்டுப் புரோக்கருக்கு எல்லாரும் வைத்திருந்த பேர் 'தங்கம்'. குணத்தைப் பார்த்து வைத்த பேர் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. சுவரில் ஓதம் ஏறியிருக்கட்டும், குளியலறைக் கதவு பாதிதான் சாத்தட்டும், "ஓனர் தங்கமானவருங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். அதனால் வந்த பேர் அது.

ஊசியக்காவுக்கு அவரை விட்டால் வேறு கதி இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. அங்கே அழுதுகொண்டு வரும் குழந்தைகள் வைத்த பேர் ஊசியக்கா. அப்பா அம்மா போனபிறகு அவளுக்குத் தம்பி, தம்பிக்கு அவள் என்று ஆகிவிட்டது. தம்பி நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். மனசு மட்டும் சின்னக் குழந்தையாகவே நின்றுவிட்டது. சந்தோஷம் வந்துவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்துவான். அதற்காகத்தான், இருந்த வீட்டை மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் கத்தப் போகிறான் என்று தெரிந்ததுமே ஓடிப்போய் வாயைப் பொத்துவது அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது.

தங்கம் காட்டிய முதல் வீட்டில், "அக்காவும் தம்பியும் மட்டுந்தான். தம்பி இருக்கிற இடமே தெரியாது" என்று ஓனரிடம் அளந்துவிட்டார். அட்வான்ஸ் பேச்சுவரை வந்தது. வீட்டைப் பார்க்கத் தம்பியை அழைத்துப் போன அன்று, வளைந்து வளைந்து ஏறும் மாடிப்படியைக் கண்ட சந்தோஷத்தில் அவன் கத்தினான். ஓனருக்கு உடனே, சொந்தக்காரர்கள் யாரோ அந்த வீட்டுக்குக் குடிவருவது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தெருவுக்கு வந்ததும் ஊசியக்கா தங்கத்தைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"அவனைப் பத்திப் பொய் சொல்ல உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது? மறைச்சுக் கொண்டுபோய் வைக்க அவன் என்ன திருட்டுச் சாமானா?"

தங்கம் ஸ்கூட்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "தப்புதாம்மா. இனிமே தம்பியையும் கூட்டிக்கிட்டே போவோம். பார்த்துட்டுச் சரின்னு சொல்றவங்க சொல்லட்டும்" என்றார்.

சொன்னபடி செய்தார். அந்த மனிதரை என்ன வேண்டுமானாலும் கேலி பண்ணுங்கள், இந்த ஒன்றுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு அவர்களோடு தெருத்தெருவாக நடந்தார். தம்பி அதன் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்து அப்படியே சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், "இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு ஹோம் இருக்குமே, அங்க விட்டுடலாமே" என்று யோசனை சொன்னார்கள். "உங்க யோசனை யாருக்கும் வாடகைக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கம் விறுவிறுவென்று இறங்கினார். அந்த ஓனரை அதற்குப் பிறகு அவர் தங்கம் என்று சொன்னதே இல்லை.

மாதம் முடியப் போகிறது. மூட்டை கட்டியாகிவிட்டது, போக இடம்தான் இல்லை. ஒரு மாலை தங்கம் பரிசோதனைக் கூடத்து வாசலுக்கே வந்து நின்றார். வழக்கமான தெம்பு முகத்தில் இல்லை.

"ஒரு மாடி போர்ஷன் இருக்கும்மா. காத்து வரும், தண்ணி வரும். ஆனா..." தலையைச் சொறிந்தார். "ஓனரம்மாவைத் தங்கம்னு சொல்ல மாட்டேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

இவரே இப்படிச் சொன்னால் அந்த அம்மாள் எப்பேர்ப்பட்டவளாக இருப்பாள்! இருந்தாலும் ஊசியக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் அழைப்புமணியைப் பார்த்ததும் தம்பி விரலை எடுக்காமல் அழுத்தினான். கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா அது, மணியைப் பிச்சு எடுக்கறது?" என்று வந்த அம்மாள், தங்கத்தைக் கண்டதும் குரலை இன்னும் ஏற்றினாள். "பால் வாங்கிட்டு வரேன்னு காலையில போன ஆளு! இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

ஊசியக்கா தங்கத்தைப் பார்த்தாள். தங்கம் தரையைப் பார்த்தார்.

"நம்ம சம்சாரந்தாம்மா. வீடு அவ பேர்ல இருக்கு" என்றார். "முன்ன குடியிருந்தவங்களோட சண்டை போட்டதுல இருந்து, மாடியை யாருக்கும் விடறதில்லைன்னு நின்னுட்டா. கரைக்க இத்தனை நாளாச்சு."

அந்தச் சத்தமெல்லாம் தம்பிக்குப் பிடித்துப்போயிற்று. கைதட்டி, பெரிதாக ஒரு கத்து கத்தினான். ஊசியக்காவின் கை தன்னாலே போய் அவன் வாயைப் பொத்தியது.

"கையை எடும்மா" என்றாள் அந்த அம்மாள். "அவன் என்ன பாத்திரமா, மூடி வைக்க? இந்த வீட்டுல நான் ஒருத்தியே கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. துணைக்கு ஒரு ஆளு ஆச்சு. மேல போய் வீட்டைப் பாருங்க."

ஊசியக்கா படியேறும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். தங்கம் பால் வாங்க ஓடிவிட்டார்.

குடிவந்த மறுநாள் விடிந்ததும் ஜன்னல் வழியே வந்த வெயிலைப் பார்த்துத் தம்பி கத்தினான். படுக்கையிலிருந்து அவள் பதறி எழுந்தாள். அதற்குள் கீழேயிருந்து அதைவிடப் பெரிதாக ஒரு குரல் வந்தது.

"எழுந்துட்டியாடா? உங்க அக்காவையும் எழுப்பு, மோட்டார் போட்டாச்சு!"

தம்பி பதிலுக்கு இன்னொரு கத்து கத்தினான். பாதி தூக்கியிருந்த கையை ஊசியக்கா மடியில் போட்டுக்கொண்டு, அவன் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.