களத்தில் பட்ட கால்

கோழி என்றால் எனக்கு இப்போதும் ஆகாது. யாராவது கோழிக்கறி வைத்துக் கூப்பிட்டால் பல்வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை. சொன்னால், கேட்டுவிட்டு, "அதுக்காகக் கோழியிலை என்ன கோபம்?" என்பார்கள். வேறு யாரில் கோபப்படுவதாம்?

மல்லாவிப் பக்கம் காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே எங்கள் இல்லம் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், பார்க்க ஆளில்லாத கிழவிகள், அவ்வளவுதான் குடும்பம். யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் தன்னுடைய சீதனக் காணியை விற்று அதைத் தொடங்கியிருந்தார். "வெளியாலை கை நீட்டிறேல்லை" என்பது அவருடைய பிடிவாதம். நெல் எங்கள் வயலில், பால் எங்கள் மாட்டில், கத்தரியும் மிளகாயும் எங்கள் தோட்டத்தில். பிள்ளைக்கு ஒரு கோழி என்று கொடுத்து, அதற்கு அந்தப் பிள்ளைதான் பொறுப்பு என்று வைத்திருந்தார். அம்மா காய்ச்சலில் போய், அப்பாவும் எங்கே என்று தெரியாமல் போன பிறகு நானும் தங்கச்சியும் அங்கே வந்து சேர்ந்தோம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஐந்து. அவளுடைய கோழி கழுத்தில் மயிரில்லாத ஒரு சனியன்.

தங்கச்சி படுப்பது என் பக்கத்தில் இல்லை, கடலாச்சி பக்கத்தில். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த வேதக்கார மனுசி என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. புருசனையும் மகனையும் ஒரே வள்ளத்தோடு கடலுக்குக் கொடுத்தவர். ஒரு கையில் செபமாலையும் மற்றக் கையில் தங்கச்சியின் தலையுமாகத்தான் நித்திரை கொள்வார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என்றாலும் தங்கச்சி அம்மாவைக் கேட்டு அழுவதை அங்கேதான் நிறுத்தினாள்.

அந்த வருடம் வயல் நன்றாக விளைந்தது. வெட்டிய கதிரைக் களத்தோரத்தில் சூடாக வைத்தார்கள். கதிர் உள்ளேயும் தாள் வெளியேயுமாக, மழை வந்தாலும் தண்ணீர் வழிந்தோடும்படி அடுக்குகிற போருக்கு எங்கள் பக்கம் சூடு என்று பெயர். அதைப் பிரித்து மிதிக்க மூன்று பேர் எருமைகளோடு வந்தார்கள். களத்துக்கென்று சட்டம் உண்டு. அங்கே நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்கள் இறங்கலாம், சின்னப் பிள்ளைகள் இறங்கலாம். பெரிய பெண்கள் கால் வைக்கக் கூடாது. புருசன் செத்தவள் என்றால் கிட்டவும் வரக் கூடாது. எங்கள் கிழவிகள் அத்தனை பேரும் புருசன் செத்தவர்கள். வருடம் முழுக்கத் தாங்கள் நாற்று நட்டுக் களை பிடுங்கிய நெல்லை வேலிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சூட்டில் பெரும்பகுதியைப் பிரித்தாயிற்று. களத்தில் பரப்பி, எருமைகளைப் பிணைத்துச் சுற்ற விட்டிருந்தார்கள். "பொலி, பொலி" என்று சத்தம். அந்தச் சனியன் பிடித்த கோழி மணி பொறுக்க உள்ளே ஓடியது. கோழிக்குப் பின்னால் தங்கச்சி ஓடினாள். வைக்கோல் வழுக்கி எருமைகளின் காலுக்கு முன்னால் விழுந்தாள். கடலாச்சி வேலியை எப்படிக் கடந்தாரோ தெரியாது. பார்த்தால் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு களத்தின் நடுவில் நின்றார்.

மூன்று பேரில் மூத்தவர் எருமைகளை நிறுத்தினார். பிள்ளைக்குக் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதுவரைக்கும் நல்ல மனிதர்தான். பிறகு பிணையலை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்ன தம்பி, ஏன் அவிழ்க்கிறியள்?" என்று ரீச்சர் ஓடி வந்தார்.

"ரீச்சர் கோவிக்கக் கூடாது. களத்திலை காலடி பட்டிட்டுது. இனி எங்கட மாடு இதுக்கை இறங்காது."

"பிள்ளை செத்திருக்குமே!"

"பிள்ளையைத் தூக்கினது பிழையெண்டு நான் சொல்லேல்லை. எனக்கும் வீட்டிலை பிள்ளையள் இருக்கு. இந்தப் பொலியிலை கை வைச்சிட்டு அதுகளுக்கு ஒண்டு நடந்தா நான் ஆரைக் கேக்கிறது?"

கடலாச்சி பிள்ளையை இறக்காமலே சொன்னார்: "எங்கட பக்கமும் வள்ளத்திலை பொம்பிளை கால் வைக்கப்படாது தம்பி. எனக்கு விளங்குது. ஆனா பிள்ளை விழுந்தா என்ன செய்யிறது, நீங்களே சொல்லுங்கோ."

மூன்று பேரும் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரீச்சர் வேறு ஆள் தேடிக் கனகராயன்குளம் வரைக்கும் போய் வந்தார். கதை அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போயிருந்தது. ஒருவரும் வரவில்லை. அவர் திரும்பி வரும்போது வானம் கறுத்திருந்தது. மாசி மாதத்தில் மழையா! சூடு பிரித்தபடி கிடந்தது, கதிரெல்லாம் வெளியே தெரிந்தது. அதைத் திரும்ப அடுக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் எங்கள் ஒரு வருடச் சோறு.

"எல்லாரும் இறங்குங்கோ, காலாலை மிதிப்பம்" என்றார் ரீச்சர்.

கிழவிகள் அசையவில்லை. "பட்டினி கிடந்து சாகிறம் ரீச்சர். பொலியிலை கால் வைக்க மாட்டம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அழுதார்கள். ரீச்சர் சேலையைத் தூக்கிச் செருகினார், களத்தின் விளிம்பு வரைக்கும் போனார், அங்கேயே நின்றுவிட்டார். இங்கிலீசு படித்த மனுசி! அவரும் புருசனை இழந்தவர்தான்.

"நான் ஏற்கெனவே பட்ட கால்தானே" என்று கடலாச்சி இறங்கினார். "வாங்கோ பிள்ளையள்."

பிள்ளைகள் நாங்களும் அவரும் மிதித்தோம். வைக்கோல் தாள் காலைக் கிழித்தது, சுணை கழுத்தெல்லாம் கடித்தது. தங்கச்சி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், அவளுக்கு அது விளையாட்டு. கொஞ்சம் மணி உதிர்வதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. அப்போதுதான் கிழவிகள் ஓடினார்கள். எங்கே? தங்கள் படுக்கைப் பாய்களை எடுத்து வர. நனைந்துகொண்டு விளிம்பில் நின்று பாய்களை எங்களிடம் எறிந்தார்கள். உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. சிரிப்பதா, அழுவதா? நான் அவர்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை.

சில மூட்டைகள் தேறின. மீதி அவிந்து, பச்சையாய் முளைத்து, மாட்டுக்குப் போனது. தேறிய நெல்லிலும் புளித்த நாற்றம் போகவில்லை. மூன்று வேளை இரண்டு வேளையாகி, பிறகு கஞ்சியாகி, பிறகு கஞ்சித் தண்ணீராகியது. கிழவிகளின் வயிறு பழகியது. பிள்ளைகள் பழகவில்லை, மண்ணைத் தின்றார்கள். யாழ்ப்பாணத்தில் தனக்குத் தெரிந்தவர்களிடம் ரீச்சர் ஒரு மூட்டை அரிசி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வீடுகளில் வேலைக்குப் பிள்ளைகளைக் கேட்டபோது கொடுக்கச் சம்மதித்தார். அரிசி வாங்க நீளாத கை பிள்ளையைக் கொடுக்க மட்டும் நீண்டது. அதை நான் மன்னிக்கவே இல்லை.

தங்கச்சியைக் கூட்டிப்போக ஒரு கார் வந்தது. கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட ஒரு சின்னப் பெண் வேண்டுமாம்.

"என்னையும் சேர்த்து அனுப்புங்கோ ரீச்சர்."

"அவை ஒராளைத்தான் கேட்டவை, பிள்ளை. நீ இல்லாட்டி மாடு ஆர் கறக்கிறது?"

தங்கச்சி கோழியைக் கொண்டுபோகக் கேட்டாள். காருக்குள் அசிங்கப்படுத்தும் என்று வந்த வீட்டுக்கார அம்மா விடவில்லை. "அக்கா, கோழிக்குத் தண்ணி வை" என்றாள். கார் போய்விட்டது.

அடுத்த வருடம் புதிய களம் வெட்டினோம். அதே மனிதர்கள் அதே எருமைகளோடு வந்தார்கள். பொலி அப்படிப் பொலிந்தது! அறை முட்ட நெல். ரீச்சர் அன்றைக்கே பஸ் ஏறினார், கொடுத்த பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவர. நான் தங்கச்சிக்கென்று முட்டை சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் வந்தார்கள். தங்கச்சியை அந்த வீட்டார் கொழும்பில் ஒரு உறவினருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அங்கே விசாரித்தால், அவள் எங்கேயோ போய்விட்டாளாம். போய்விட்டாளாம்! ஆறு வயதுப் பிள்ளை தானாக எங்கே போகும்? ரீச்சர் பிறகும் தேடினார். கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை.

ரீச்சர் திரும்பி வந்த அன்றைக்குப் புது அரிசிச் சோறு. கடலாச்சி சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய ஒரு கை என் தலைக்கு வந்தது, பிறகு எடுத்துக்கொண்டார்.

"நான் ஏன் ஓடினனான்?" என்றார். "மாடு மிதிச்சிருந்தா ஒரு கால்தானே போயிருக்கும். நொண்டிக்கொண்டு என்ரை பக்கத்திலை கிடந்திருப்பாள்."