ஏசு சாமிக்கு எந்த ஷேடு?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. இடம், வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் மாதா கோயில். நான் சின்ன காஞ்சிபுரத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கல்யாணப் பெண்ணின் நிறம் எதுவானாலும் இரண்டு ஷேடு வெள்ளை ஏற்றித்தான் மேடைக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். இத்தனைக்கும் நானே நல்ல கறுப்பு. "நீங்கதான் போடப்போறீங்களா?" என்று என் முகத்தைப் பார்த்துச் சந்தேகமாகக் கேட்ட மாமியார்கள் உண்டு. அதெல்லாம் பழகிவிட்டது.

அந்த ஊரில் வருடா வருடம் ஏசு பாடுபட்டு இறந்த கதையை நாடகமாகப் போடுவார்கள். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் என் கடைக்கே தேடிவந்து, ஏசுவாக நடிப்பவருக்கு மேக்கப் போட வேண்டும் என்றார். கையில் ஒரு காலண்டர் படம். பால் நிறம், செம்பட்டை முடி, நீலக் கண். அப்படியே வர வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் ஏசு என்றால் எனக்கும் அந்த முகம்தான் தெரியும், அதனால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

நடிப்பவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் என்னைவிடக் கறுப்பு. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய், கொளுத்தும் வெயிலில் கம்பி கட்டிவிட்டு ஒரு மாதம் முன்புதான் திரும்பியவர். "நல்லா வெள்ளையா போட்டுடுங்க மேடம். என் மூஞ்சியில யாரு சாமியப் பாப்பாங்க" என்று அவரே சொன்னார்.

முகத்துக்குப் பூசிக்கொண்டிருக்கும்போது மகளைப் பற்றிச் சொன்னார். அவர் விமானம் ஏறும்போது வயிற்றில் இருந்தவள். இடையில் லீவு கிடைக்கவில்லை. இப்போது ஓடியாடுகிற பிள்ளை. போனில் பார்த்த அப்பாவும் வீட்டில் வந்து நிற்கிற ஆளும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரியவில்லையாம். 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாளாம். மிட்டாய், பொம்மை எல்லாம் காட்டி, இப்போதுதான் கை நீட்டினால் பக்கத்தில் வந்து நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று ஏசு சொல்லும் காட்சியில் அவளும் வந்து மடியில் உட்கார வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த வேஷத்துக்கே சம்மதித்தேன் என்றார். எனக்கு மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வேலை லேசில் முடியவில்லை. முகத்துக்குப் பூசினால் கழுத்து காட்டிக்கொடுத்தது, கழுத்தைச் சரிசெய்தால் காது. கை கால் விரல் வரைக்கும் பூசி, டோப்பா வைத்து, கண்ணுக்கு லென்ஸும் போட்டுவிட்டேன். உபதேசியார் பார்த்துவிட்டுக் கும்பிடாத குறைதான். எனக்கும் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அப்போது அவர் மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். இவர் ஆசையாகக் கை நீட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டார். தெரிந்த குரல், தெரியாத முகம். குழந்தை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் போட்டாளே ஒரு அலறல், மூச்சே நின்றுவிடும்போல. அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் நிமிரவே இல்லை. அப்பாதான்டி என்று அவள் அம்மா சொல்லச் சொல்ல அழுகை கூடியது. நீட்டின கையை மடக்கத் தோன்றாமல் அவர் அப்படியே நின்றார். ஒரு மாதப் பாடு என் கைவேலையால் பாழாகிறதே என்று இருந்தது எனக்கு.

"கலைச்சிடுங்க மேடம்" என்றார் என்னைப் பார்த்து, மெதுவாக.

உபதேசியார் பதறிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "இத்தினி வருசமா இந்தப் படத்தப் பாத்துதான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கறோம்பா. முகமே மாறிட்டா சனங்க மனசு ஒட்டுமா?" என்று கேட்டார். அதற்கு இவர், "அப்போ வேற ஆளப் போட்டுக்கங்கண்ணே. எனக்கு எம்பொண்ணு பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே சனம் கூடிவிட்டது. கடைசி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? உபதேசியார் காலண்டர் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்.

டோப்பாவையும் லென்ஸையும் கழற்றிவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வொன்றாக அவர் திரும்பி வந்தார். புடவைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. அழுகை விசும்பலாகி நின்றது.

நாடகத்தில் அந்தக் குழந்தைகள் காட்சி வந்தது. அவள் மடியில் உட்காரவில்லை. முழங்காலோரம் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். சரி, இதுவாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து சிலுவை சுமக்கும் காட்சி. அவள் அம்மா, ஏசுவைப் பார்த்து அழும் பெண்களில் ஒருத்தியாக மேடையில் நின்றதால் குழந்தை என் மடியில் இருந்தாள். சேவகர்கள் கையில் இருந்த சாட்டை, தறியில் கழித்த பட்டு நூலை முறுக்கிச் சிவப்புச் சாயத்தில் நனைத்தது. அடித்தால் வலிக்காது, ஆனால் முதுகில் வரி வரியாக ரத்தம்போல விழும். அங்கி கழற்றிய, வியர்வை மினுங்கும் அந்தக் கறுத்த முதுகில் இரண்டு கோடு விழுந்ததுதான் தாமதம், குழந்தை என் கையை உதறிவிட்டு மேடைமேல் ஏறிவிட்டாள்.

"எங்கப்பாவ அடிக்காதீங்க" என்று சேவகர்களைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, வாப்பா, வூட்டுக்குப் போலாம்" என்று அழுதாள்.

சாட்டைகள் இறங்கிவிட்டன. தூக்கிவர எழுந்த என்னை, மைக்கில் வேதம் வாசித்துக்கொண்டிருந்த உபதேசியார் கையைக் காட்டித் தடுத்தார். சிலுவையைச் சாய்த்துவிட்டு, மண்டியிட்டு, மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்தில் அழாத பெண்ணைத் தேட வேண்டும். நானும் அழுதேன். அப்புறம் மகளை ஒரு கையில் இடுப்பில் வைத்துக்கொண்டு, சிலுவையை மறு தோளில் ஏற்றிக்கொண்டு மேடையின் கடைசி வரை நடந்தார். அங்கே அவள் அம்மா வாங்கிக்கொண்டாள்.

வெள்ளை ஏசு எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு பெரியவர் மட்டும், அடுத்த வருசம் கொஞ்சம் கலரான ஆளாப் பாருங்க என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோர் மனசும் ஒரே நாளில் மாறிவிடுமா என்ன?

ஏசு நிஜத்தில் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இன்றைக்கும் அவர் பேரைக் கேட்டதும் என் கண்முன் வருவது, பெற்ற பிள்ளை அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கறுப்பு முகம்தான்.